இறக்கி வைக்க ஓர் இடம்: மன அமைதி பற்றிய ஒரு கேள்விக்கு விரிவான பதில்

நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில், வன்னியில் போர் முடிந்த நாட்களில், அவருடைய அண்ணன் காணாமல் போனார். இன்றுவரை எந்தச் செய்தியும் இல்லை. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வருகிறார். அவருடைய முகத்தில் ஓர் அமைதி இருக்கிறது. தனக்கோ அரசாங்க உத்தியோகம், கல்வீடு, படிக்கின்ற பிள்ளைகள் என்று எல்லாம் இருந்தும் இரவில் நித்திரை இல்லை, மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை என்கிறார். “நம்பினார் கெடுவதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நம்பியவர்கள்தானே பங்கருக்குள், பதுங்கு குழிக்குள், தேவாரம் பாடியபடியே செத்தார்கள்? கடவுளை நம்பினால் மன அமைதி வரும் என்பதை நான் எப்படி ஏற்பது? எனக்குக் கடவுளோடு கோபம் இருக்கிறது. கோபத்தோடு இருக்கிற ஒருத்தியால் நம்ப முடியுமா? முடியும் என்றால் எங்கே தொடங்குவது?” என்று கேட்கிறார். பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிப் போவதா, விடுவதா என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

வன்னிப் பாடசாலைகளில் நீண்ட காலம் சைவ சமயம் கற்பித்தவன் என்ற முறையிலும், அந்த மே மாதத்தை அதே மண்ணில் கடந்தவன் என்ற முறையிலும் என்னால் இயன்றவரை முழுமையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். தங்கச்சி, உங்கள் கேள்விகளில் மிகக் கடினமானதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதை ஒதுக்கி வைத்துவிட்டு, விரதம் பிடியுங்கள், தியானம் செய்யுங்கள் என்று தொடங்குவது உங்களை மதிப்பதாகாது.

நம்பியவர்கள் செத்தார்கள் என்பது உண்மை. நம்பாதவர்களும் செத்தார்கள், இரு பகுதியிலும் சிலர் தப்பினார்கள். வலைஞர்மடத்திலும் இரட்டைவாய்க்காலிலும் முள்ளிவாய்க்காலிலும் வந்து விழுந்த எறிகணைகள், யார் திருநீறு பூசியிருக்கிறார், யார் கையில் செபமாலை இருக்கிறது என்று பார்த்து விழவில்லை. தப்பிய ஒருவர் “கடவுள் என்னைக் காப்பாற்றினார்” என்று சொல்லும்போது, மடியில் இருந்த பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி பக்கத்தில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை நாங்கள் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம். நன்றி சொல்வது தப்பியவரின் உரிமை. ஆனால் அதையே விதியாக்கி, நம்பிக்கைக்குக் கிடைத்த கூலிதான் உயிர் என்று சொன்னால், இறந்தவர்களின் நம்பிக்கையில் ஏதோ குறை இருந்தது என்று சொல்வதாகிவிடும். அதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். எனவே, நம்பினால் தீங்கு வராது என்ற பொருளில் உங்களுக்கு யாராவது ஆறுதல் சொன்னால், அந்த ஆறுதலை நீங்கள் மறுப்பது நியாயமே.

அப்படியானால் நம்பிக்கை எதைத் தருகிறது? திருக்குறளின் முதல் அதிகாரத்தில் ஏழாவது குறள், “தனக்குவமை இல்லாதான் தாள்சேர்ந்தார்க் கல்லால் மனக்கவலை மாற்றல் அரிது” என்கிறது. இறைவனுடைய தாளைச் சேர்ந்தவருக்குப் போர் வராது, வறுமை வராது, மரணம் வராது என்று அந்தக் குறள் எதையும் உறுதி கூறவில்லை. மனக்கவலையை மாற்றுவதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. வெளியில் நடப்பது வேறு, நடந்ததை உள்ளே சுமக்கும் விதம் வேறு என்ற இந்தப் பாகுபாட்டை ஏற்றுக்கொண்டால்தான் நான் இனிச் சொல்லப்போவது விளங்கும். இறைவன் எனக்கு வேண்டியதைச் செய்து தருவான் என்று நம்புவது ஒருவகை. என்ன நடந்தாலும் நான் அவனுடையவள், என்னுடையவர்களும் அவனுடையவர்கள் என்று நம்புவது இன்னொரு வகை. அமைதியைத் தருவது இரண்டாவது வகைதான் என்பது என் உறுதியான கருத்து.

முதலாவது வகையை நான் இழிவாகச் சொல்லவில்லை. எங்கள் வன்னியின் பக்தியில் பெரும்பகுதி நேர்த்திக்கடனாகவே வளர்ந்தது. ஏ9 வீதியில் போகும் வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகின்றன. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசித் திங்களில் பொங்க வருகிற பல்லாயிரம் பேரில் பெரும்பாலானோர் ஒரு நோயோ, பிள்ளைப் பேறோ, வெளிநாட்டுப் பயணமோ ஒன்றைச் சொல்லி நேர்ந்தவர்கள். புதூர் நாகதம்பிரானிடம் போகிறவர்களும், மடு மாதாவிடம் போகிறவர்களும் அப்படித்தான். மனித மனம் தன்னுடைய ஆசையைச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை; குழந்தை தாயிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்கும்? ஆனால் கேட்டது கிடைக்கும் வரைக்கும் மட்டுமே நிற்கின்ற நம்பிக்கை, கிடைக்காத அன்று ஒடிந்துவிடும். 2009 இற்குப் பின்னர் சாமிப் படத்தைக் கழற்றி வைத்துவிட்டவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் பாவிகள் அல்லர். அவர்கள் நம்பி ஒப்புக்கொடுத்தது அவ்வளவு பெரிது, பறிபோனதும் அவ்வளவு பெரிது. உங்கள் கோபமும் அந்த இடத்திலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் உங்களுக்குத் திலகவதியாரை நினைவுபடுத்த வேண்டும். சமய பாடத்தில் அவரை நாங்கள் “அப்பருடைய தமக்கை” என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அது பெரிய குறை என்று எனக்கு எப்போதும் தோன்றும். சேக்கிழார் சொல்லும் வரலாற்றின்படி, திருவாமூரில் பிறந்த அந்தப் பெண்ணைக் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு மணம் பேசியிருந்தார்கள். கலிப்பகையார் போருக்குப் போனார். அதற்கிடையில் தந்தை புகழனார் நோயுற்று இறந்தார். தாய் மாதினியாரும் அவரோடு உயிர் துறந்தார். பின்னர் கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்டார் என்ற செய்தி வந்தது. தந்தை, தாய், மணம் பேசிய மாப்பிள்ளை என்று மூவரையும் இழந்த அந்தப் பெண், தானும் இறந்துவிடுவதென்று முடிவு செய்தார். சிறுவனான தம்பி மருள்நீக்கியார் காலில் விழுந்து, நீயும் போனால் உனக்கு முன்னே நான் போய்விடுவேன் என்று அழுதபோது, தம்பி இருக்க வேண்டுமே என்ற ஒரே காரணத்துக்காக உயிரைத் தாங்கிக்கொண்டார். வன்னியில் இதைப் படிக்கிற எந்தப் பெண்ணுக்கும் இது ஏதோ ஒரு காலத்துக் கதையாகத் தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். யாருக்காக உயிரோடு இருந்தாரோ அந்தத் தம்பியும் அவரை விட்டுவிட்டுச் சமண சமயத்தில் சேர்ந்து போய்விடுகிறார். திலகவதியார் திருவதிகை வீரட்டானத்துக்குப் போய், பொழுது புலர்வதற்கு முன்பே கோயிலை அலகிட்டு, சாணத்தால் மெழுகி, பூப்பறித்து மாலை கட்டி, தம்பியை மீட்டுத் தர வேண்டுமென்று விண்ணப்பித்துக்கொண்டு வாழ்கிறார். அவருக்கு நிச்சயம் ஒன்றுமில்லை. தம்பி வருவார் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் விடியற்காலையில் கூட்டுவதற்கு ஒரு முற்றம் இருந்தது, சொல்லுவதற்கு ஒருவன் இருந்தான். அவருடைய அமைதி எல்லாம் சரியாகிவிட்ட பிறகு வந்த அமைதி அல்ல. எதுவுமே சரியாகாத காலத்தில், ஒவ்வொரு நாளும் கையால் செய்த ஒரு தொண்டின் ஊடாக வந்த அமைதி. உங்கள் அம்மா வெள்ளிக்கிழமைகளில் செய்வதும் இதுவாக இருக்கலாம். ஒருநாள் ஆறுதலாக அவருக்குப் பக்கத்தில் இருந்து கேட்டுப் பாருங்கள். முகத்தில் தெரிவதை மட்டும் வைத்து, அம்மா அழுவதில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

கோபத்தோடு நம்ப முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், அதற்கு எங்கள் திருமுறையே சாட்சி. கண்பார்வை இழந்து வருந்திய சுந்தரர், ஒரு கண் மட்டும் பெற்ற நிலையில் திருவாரூருக்கு வந்து பாடிய பதிகத்தில், “மீளா அடிமை உமக்கே ஆளாய்ப் பிறரை வேண்டாதே மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிகவாடி” என்று தொடங்கி, இப்படிப்பட்ட அடியார்கள் தங்கள் துன்பத்தைச் சொன்னால் நீர் வாளா இருப்பீர், நல்லது, நீரே வாழ்ந்து போம் என்று முடிக்கிறார். இறைவனைப் பார்த்து இதைவிடக் கடுமையாகப் பேசுவது எப்படி? அந்தப் பாடலை எங்கள் முன்னோர் மறைக்கவில்லை. திருமுறையில் சேர்த்துக் கோயில்களில் ஓதினார்கள். கிறிஸ்தவர்களின் திருப்பாடல்களிலும் “என் இறைவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று கதறுகின்ற 22 ஆம் பாடல் இருக்கிறது. இயேசு சிலுவையில் அதே சொற்களைச் சொன்னதாக நற்செய்தி கூறுகிறது. இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுந்தரர் “மீளா அடிமை” என்று சொல்லிவிட்டுத்தான் சண்டை பிடிக்கிறார். கதறுகிறவரும் “என் இறைவனே” என்று அழைத்துத்தான் கதறுகிறார். உறவை அறுத்துக்கொண்டு போகிறவர் சண்டை பிடிப்பதில்லை, பேசாமல் போய்விடுவார். நீங்கள் இன்னும் கோபித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அவனிடமிருந்து நீங்கள் விலகிப் போகவில்லை. அந்தக் கோபத்தை உள்ளே கனலவிட்டு இரவெல்லாம் விழித்திருப்பதைவிட, சாமியறையில் கதவைச் சாத்திவிட்டு, உங்கள் வாய்ச்சொல்லாலேயே, வாய்விட்டுச் சொல்லுங்கள். அதுவும் பிரார்த்தனைதான்.

இனி அண்ணனைப் பற்றி. உங்கள் அமைதியின்மையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன். அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இறந்தவர்களுக்கு நாங்கள் அழுது, கிரியை செய்து, எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று படிப்படியாக மனத்தை ஆற்றிக்கொள்ள ஒரு வழி வகுத்து வைத்திருக்கிறோம். காணாமல் போனவருக்கு அந்த வழி இல்லை. திவசம் செய்தால் அவரை நாமே கொன்றதுபோல இருக்கிறது. செய்யாவிட்டால் அவருடைய ஆன்மாவை அந்தரிக்க விட்டதுபோல இருக்கிறது. மனைவி பொட்டு வைப்பதா, அழிப்பதா என்பதிலிருந்து, அவருடைய உடுப்புகளை வைத்திருப்பதா, கொடுப்பதா என்பது வரைக்கும் ஒவ்வொன்றும் முடிவில்லாத கேள்வி. அமெரிக்க அறிஞர் போலின் பொஸ், வியட்நாம் யுத்தத்தில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்து, 1970களில் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். இழப்புகளுக்குள் மிகக் கொடியது இதுதான் என்பதும், மனம் ஆறாமல் இருப்பது அந்தக் குடும்பத்தவரின் பலவீனத்தால் அல்ல, நிலைமையே அப்படிப்பட்டது என்பதும் அவருடைய முடிவு. உங்களுக்கு நித்திரை வராததற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இந்த நிலையில் இருக்கும் மனம், இருக்கிறாரா இல்லையா என்ற இரண்டு பதில்களுக்கு நடுவே இரவு பகலாக அலைகிறது. ஏதாவது ஒன்றை முடிவு செய்துவிட்டால் அலைச்சல் தீரும் என்று நினைத்துச் சிலர் சாத்திரக்காரரிடமும் குறி சொல்பவரிடமும் போகிறார்கள். ஒருவர் இருக்கிறார், தெற்கில் ஒரு சிறையில் இருக்கிறார் என்பார். இன்னொருவர் இல்லை என்பார். காசும் போய், மனமும் முன்னரைவிட மோசமாகிறது. தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள். இறைவன்மேல் வைக்கும் நம்பிக்கை உங்களுக்குத் தரக்கூடியது இந்தக் கேள்விக்கான விடை அல்ல. விடை தெரியாமலே அதை ஒப்படைக்கக்கூடிய ஓர் இடம். அண்ணன் உயிரோடு இருந்தால் அவர் இறைவனுடைய கையில் இருக்கிறார். இல்லையென்றாலும் இறைவனுடைய கையில்தான் இருக்கிறார். உங்களுக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும். அவருக்காக விளக்கேற்றும்போது அது இருப்பவருக்கான விளக்கா, இறந்தவருக்கான விளக்கா என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை. எங்கே இருந்தாலும் அவரைப் பார்த்துக்கொள் என்ற ஒரு வசனம் போதும். உறுதி இல்லாத இடத்தில் உறுதியாக நிற்க மனிதருக்குக் கிடைத்த வழி இது ஒன்றுதான் என்று நான் கருதுகிறேன்.

ஒப்படைப்பது என்றால் தேடுவதை நிறுத்துவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கினார்கள். ஒரு கையில் பிள்ளையின் படத்தையும் மறு கையில் கற்பூரத்தையும் ஏந்தி நிற்கும் அந்தத் தாய்மாருக்கு, நம்பிக்கைக்கும் நீதி கேட்பதற்கும் இடையில் முரண்பாடு இருந்ததில்லை. அவர்களில் பலர் பதில் கிடைக்காமலேயே இறந்துவிட்டார்கள் என்பது எங்கள் எல்லோருடைய நெஞ்சிலும் இருக்க வேண்டிய துயரம். இஸ்லாத்தில் ஒரு நபிமொழி உண்டு: ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இறைவன்மேல் பாரத்தைப் போடவா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டு, பிறகு இறைவன்மேல் பொறுப்பைச் சாட்டு என்றார் நபிகள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின் முல்லைத்தீவுக்கும் மன்னாருக்கும் திரும்பி வந்து, வெறும் காணியில் மறுபடி தொடங்கிய முஸ்லிம் மக்கள் அந்தச் சொல்லின்படி வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே, கட்ட வேண்டியதைக் கட்டுங்கள். நித்திரையின்மை நீண்ட காலமாக இருந்தால் வைத்தியரிடம் போங்கள். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே போவது நம்பிக்கைக் குறைவு அல்ல. கடன் இருந்தால், குறிப்பாகக் கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கும் நுண்கடன் இருந்தால், கணக்கை எழுதி வைத்து, நம்பகமான ஒருவரோடு இருந்து கதைத்து, தீர்க்கும் வழியைத் தேடுங்கள். மனித முயற்சியால் தீரக்கூடிய கவலையை விரதத்தால் தீர்க்க முயல்வது விரதத்துக்கும் நல்லதல்ல.

நம்பிக்கை என்ற பெயரில் எங்கள் சமூகத்தில் பேசப்படும் சில பேச்சுகள் அமைதியைக் கெடுக்கின்றன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். “உங்கள் குடும்பம் முற்பிறப்பில் செய்த வினை” என்று காணாமல் போனவரின் தாய்க்குச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வினைக் கொள்கை ஒருவர் தன்னுடைய செயலை ஆராய்ந்து திருந்துவதற்காகச் சொல்லப்பட்டது. மற்றவருடைய துயரத்துக்குத் தீர்ப்பு எழுதுவதற்காக அல்ல. சமய நம்பிக்கையும் துன்பமும் பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் கென்னத் பார்கமென்ட், துன்பத்தை இறைவன் தந்த தண்டனையாகப் பார்ப்பவர்களின் மனநிலை மோசமடைவதையும், துன்பத்தில் கூட இருப்பவனாக இறைவனைக் காண்பவர்கள் அதைத் தாங்கிக்கொள்வதையும் வேறுபடுத்திக் காட்டியிருக்கிறார். எங்கள் மக்களின் அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. 2008 ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சொரூபத்தையே தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்ல வேண்டி வந்தது. அந்த ஆண்டு ஓகஸ்ட்டில்தான் அது மடுவுக்குத் திரும்பியது. மாதாவும் எங்களோடு இடம்பெயர்ந்தாள் என்று சனங்கள் சொன்னார்கள். தண்டிப்பதற்காக மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் தெய்வத்தை அவர்கள் நம்பவில்லை, உழவு இயந்திரப் பெட்டியில் தங்களோடு வந்த தெய்வத்தை நம்பினார்கள். போருக்குப் பின் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் மரத்தடியில் ஒரு கல்லை வைத்துப் பிள்ளையார் என்று கும்பிட்டவர்களும் அப்படித்தான்.

யாழ்ப்பாணத்து ஞானி யோக சுவாமிகளுடைய “ஒரு பொல்லாப்பும் இல்லை” என்ற மகாவாக்கியத்தையும் யாரோ உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சுவாமிகள் 1872 முதல் 1964 வரை வாழ்ந்தவர்; துறவுக்கு முன்னர் கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியில் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை செய்தவர்; ஆகவே எங்கள் மண்ணை அறிந்தவர். அந்த வாக்கியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது ஞானி ஒருவர் தவத்தின் முடிவில் கண்டு சொன்னது. அதை எடுத்து, புண் ஆறாத ஒருவருடைய வாயை மூடுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. உங்களுக்குள் அது ஒருநாள் தானாக எழுந்தால் எழட்டும். அதுவரைக்கும் பொல்லாப்பு நடந்தது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். வன்னியில் குளக்கட்டைத் திருத்துவது கோடையில்தான். மாரியில் குளம் வான் பாயும்போது மண்வெட்டியோடு ஓடினால் பயன் இல்லை. நம்பிக்கையும் மனம் ஓரளவு அடங்கியிருக்கும் சாதாரண நாட்களில், சிறிது சிறிதாகக் கட்டப்பட வேண்டியது. பெரிய சங்கற்பங்கள் வேண்டாம். பொழுதுபடும் நேரத்தில், ஒரே இடத்தில், ஒரு விளக்கை ஏற்றி, திருநீறு பூசி, சிறிது நேரம் இருங்கள். முதல் சில கிழமைகளுக்கு எதையும் கேட்காதீர்கள். கேட்கத் தொடங்கினால் கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்ற கணக்கும் தொடங்கிவிடும். உங்கள் மனம் இப்போது அந்தக் கணக்கைத் தாங்கும் நிலையில் இல்லை. சிறுவயதிலிருந்தே மனப்பாடமாக இருக்கும் ஒரு தேவாரத்தை மெதுவாக, குரல் வெளியே கேட்கும்படி பாடுங்கள். மனம் ஒன்றாவிட்டாலும் பாடுங்கள். மனம் வந்த பிறகு பாடுவோம் என்று காத்திருந்தால் அது வராது. பாடத் தெரியாவிட்டால் ஐந்தெழுத்தை மூச்சோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

இதில் உடம்புக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 2001 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வு, செபமாலை சொல்லும்போதும் மந்திரம் சொல்லும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு தடவையாகக் குறைவதையும், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அந்த ஒழுங்கோடு இசைவதையும் காட்டியது. எல்லாச் சமயத்து முன்னோரும் நீண்ட வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்ததில் இந்த நன்மையும் அடங்கியிருக்கிறது. ஆனால் மூச்சு அடங்குவது மட்டுமே நம்பிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். அது வாசலைத் திறந்து விடுகிறது. உள்ளே யாரிடம் போகிறோம் என்பது வேறு காரியம்.

படுக்கப் போகும்போது இன்னொன்று செய்யலாம். திலகவதியார் யாருக்காக உயிரோடு இருந்தாரோ அந்தத் தம்பி, பின்னாளில் திருநாவுக்கரசராகிப் பாடினார்: “தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணிசெய்து கிடப்பதே.” அன்றைய நாளின் கவலைகளை இந்த இரண்டு கடன்களாகப் பிரித்துப் பாருங்கள். மகனுடைய வகுப்புக் கட்டணம், பழுதான கிணற்று மோட்டர், அலுவலகத்தில் முடிக்க வேண்டிய கோப்பு ஆகியவை உங்கள் கடன். நாளைக்கு எதை முதலில் செய்வது என்று தீர்மானித்துவிட்டு விடுங்கள். அண்ணன் எங்கே, அம்மாவுக்குப் பிறகு என்ன, பிள்ளைகளின் காலம் எப்படி இருக்கும் என்பவை அவனுடைய கடன். பெயர் சொல்லி ஒப்படையுங்கள். நடுச்சாமத்தில் விழிப்பு வந்து, ஒப்படைத்தது திரும்பி வந்து நெஞ்சில் இருக்கும். அப்போது தோற்றுவிட்டோம் என்று நினைக்காமல் மறுபடியும் ஒப்படையுங்கள். நம்பிக்கையில் உறுதி என்பது ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துவிடுவது அல்ல, திரும்பத் திரும்பக் கொடுப்பது. ஓர் இரவில் பல தடவை கொடுக்க வேண்டி வந்தாலும் பிழையில்லை.

கையால் செய்யும் ஒரு தொண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கோயிலின் வீதியைக் கூட்டலாம், பூக்கன்று நட்டுத் தண்ணீர் விடலாம், திருவிழா நாளில் மடத்தில் மரக்கறி வெட்டலாம். தனியே இருந்து தியானிப்பதைவிட உங்களைப் போன்றவர்களுக்கு இதுவே முதலில் பொருந்தும் என்பது என் எண்ணம். அமைதியாக உட்கார்ந்தால் நினைவுகள் மேலே வந்துவிடும். கையில் வேலை இருக்கும்போது மனம் பயமில்லாமல் இறைவனுடைய பக்கத்தில் இருக்கப் பழகும். கூடவே, அதே துயரத்தைச் சுமக்கும் இன்னும் இரண்டு பெண்களைச் சந்திப்பீர்கள். ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லத் தேவையில்லாமல் பக்கத்தில் இருந்து பூக்கட்டுவதில் ஒரு பெரிய ஆறுதல் உண்டு. பல கோயில்களுக்கு அலைய வேண்டாம். ஒரு கோயில், ஒரு வடிவம், ஒரு நாமம் என்று நில்லுங்கள்.

எவ்வளவு காலம் எடுக்கும் என்று ஓர் அளவு சொல்ல மாட்டேன். முதலில் தெரியும் மாற்றம் மகிழ்ச்சியாக இராது. அழுகை வரலாம், நீண்ட காலம் அடைத்து வைத்தது வெளியே வரும். பிறகு, துயரம் இருக்கும்போதே சாப்பாட்டின் சுவை தெரியும், பிள்ளை சொல்வது காதில் விழும், மே மாதம் வரும்போது முன்பு போலப் பதற்றம் இராமல் முள்ளிவாய்க்காலுக்குப் போய் விளக்கேற்றி, நினைவேந்தலில் கொடுக்கும் கஞ்சியை வாங்கிக் குடித்துவிட்டு வர முடியும். அமைதி என்று நான் சொல்வது இதைத்தான். அண்ணனை மறப்பதை அல்ல. மறந்தால்தான் அமைதி என்றால் அப்படிப்பட்ட அமைதி உங்களுக்கும் வேண்டாம், உங்கள் அம்மாவுக்கும் வேண்டாம்.

பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், ஆனால் வற்புறுத்த வேண்டாம். வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னர் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் கடல் நீரில் விளக்கு எரிப்பதைக் காட்டுங்கள். கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும். சோதனையில் நல்ல புள்ளி எடுப்பதற்காகக் கும்பிடு என்று மட்டும் பழக்காதீர்கள். இன்று நடந்த நல்லதையும் கெட்டதையும் சாமியிடம் போய்ச் சொல்லிவிட்டு வா என்று சொல்லுங்கள். மாமா எங்கே என்று கேட்டால், எங்களுக்குத் தெரியாது, தேடிக்கொண்டிருக்கிறோம், சாமிக்குத் தெரியும் என்று உண்மையையே சொல்லுங்கள். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் தடுமாறினால் மறைக்க வேண்டாம். அம்மாவும் அம்மம்மாவும் சாமியறையில் யாரோடு கதைக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்கும் தெரியட்டும்.